சம்மன் வேண்டாம் என்றேன்

வக்கீல் குமாஸ்தாவுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. முட்டி தேய்ந்து, கோர்ட் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிற அன்றைக்குத்தான் ஓய்வு. எனக்கு அந்த நாள் போன தை மாதம் வந்தது. முப்பத்தாறு வருஷம் ஒரே சீனியரிடம் இருந்துவிட்டேன் என்று விருதுநகரில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்து, சால்வை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடும் போட்டார்கள். சீனியரே எழுந்து பேசினார். “சங்கரலிங்கம் போட்ட மனு ஒண்ணுகூட இதுவரைக்கும் ரிட்டர்ன் ஆனதில்ல” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மனுவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும், ஒரு ஸ்டாம்ப் விட்டுப்போனாலும், குறையை எழுதிக் கோர்ட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குத்தான் ரிட்டர்ன் என்று பேர். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. நான் தலையைக் குனிந்து சால்வையின் ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் குமாஸ்தா சங்கத்தின் செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, சங்கத்துக்கு மலர் ஒண்ணு போடுறோம். ஜெயிலுக்குப் போயி வக்காலத்து வாங்குறது எப்படின்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்ல போயிருச்சு, புதுசா வந்தவுகளுக்கு ஒண்ணும் தெரியல” என்றார். உண்மைதான். தாக்கல் எல்லாம் கம்ப்யூட்டரில். சட்டத்தின் நம்பர்களையே மாற்றிவிட்டார்கள். நான் மனப்பாடமாக வைத்திருந்த 304-ஐச் சொன்னால் இப்போது முழிக்கிறார்கள்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எத்தனையோ நூறு பேரிடம் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு வக்காலத்துதான் கண்முன் வந்து நிற்கிறது. ஆகவே அதை மட்டும் எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

நான் மிளகாய் வத்தல் மண்டியில் சாக்கு மூட்டைகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று மாடியில் ஆபீஸ் வைத்திருந்த சீனியர் கூப்பிட்டுக்கொண்டார். முதல் இரண்டு வருஷம் நகல் எடுத்தேன், திட்டு வாங்கினேன், ஸ்டாம்ப் ஒட்டினேன். அவ்வளவுதான் என் படிப்பு. கீழே மண்டியில் வத்தல் கொட்டும்போதெல்லாம் மேலே கட்சிக்காரர்கள் தும்முவார்கள். கொலைக் கேஸில் வந்தவனும் தும்முவான், பாகப் பிரிவினைக்கு வந்த பணக்காரரும் தும்முவார். சீனியர் மட்டும் தும்மி நான் பார்த்ததில்லை.

சீனியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார். யார் வந்தாலும் முதலில் “சாப்பிட்டீகளா?” என்றுதான் கேட்பார். கட்சிக்காரர் சொல்லச் சொல்ல, கறுப்பு மைப் பேனாவால் சின்னச் சின்ன எழுத்தில் குறிப்பு எடுப்பார். கேஸுக்கு ஆகாத ஒரு விஷயம் வந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவார். எழுதாதே என்று வாயால் சொல்லமாட்டார். மூடி விழுகிற சின்னச் சத்தம் கேட்டால் நானும் என் பேனாவை மூடிவிட வேண்டும். அந்தச் சத்தம் எனக்குப் பழகப் பழக, அது விழும் முன்பே என் கை நின்றுவிடும்.

இனி மாரியப்பன் கதைக்கு வருகிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. பேர் வேண்டாம். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு மருந்து கலக்கிற ரூம் ஒன்று வெடித்தது. உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் பாஷையில் எதிரி என்று பேர். முதல் எதிரி லைசென்ஸ் வைத்திருக்கும் முதலாளி. இரண்டாம் எதிரி முதலாளியின் தம்பி, அவர் வழக்கு நடக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மூன்றாம் எதிரி போர்மேன் மாரியப்பன். மருந்து கலப்பதை மேற்பார்வை செய்ய வேண்டியவர் போர்மேன். 304 இரண்டாம் பகுதி: மரணம் நேரும் என்று தெரிந்தே செய்த குற்றம். பத்து வருஷம் வரை உள்ளே போகலாம். முதலாளி அன்று மத்தியானமே ஊரில் இல்லை. மாரியப்பன் வெடித்த இடத்தில் உடம்புகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

முதலாளி எங்கள் சீனியரின் பழைய கட்சிக்காரர். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடந்தால் உள்ளே போன தொழிலாளிக்கும் கம்பெனியே வக்கீல் ஏற்பாடு செய்துவிடும். தொழிலாளியின் குடும்பமும் கும்பிட்டு ஏற்றுக்கொள்ளும். முதலாளிக்குச் சீனியர் வக்காலத்துப் போட்டார். மாரியப்பனுக்கு, எங்கள் ஆபீஸிலேயே மூலை மேஜையில் இருந்த ஜூனியர் பேரில் வக்காலத்து. ஆபீஸ் ஒன்று, பேர் இரண்டு. அதை வாங்கிவர என்னை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

சங்கத்துக்காரர்கள் கேட்ட பாடம் இதுதான், சொல்லிவிடுகிறேன். வக்காலத்து என்பது, இந்த வக்கீல் எனக்காகப் பேசலாம் என்று கட்சிக்காரர் எழுதிக் கொடுக்கிற காகிதம். ஜெயிலில் இருப்பவரிடம் வாங்குவதென்றால் வக்காலத்துப் பாரத்தை முதலிலேயே முழுக்க எழுதிக்கொண்டு போக வேண்டும். தகப்பனார் பேர், வயது, ஊர், குற்ற எண், எதுவும் காலியாக இருக்கக் கூடாது. கேட்டில் கொடுத்தால் வார்டர் உள்ளே கொண்டுபோவார். கைதி கையெழுத்துப் போட்டதும் ஜெயிலர் தன் முன்னால் போட்டது என்று எழுதி முத்திரை வைப்பார். முத்திரை கையெழுத்தின் மேல் விழுந்து எழுத்து மறைந்தால் கோர்ட்டில் ரிட்டர்ன். ஆகவே முத்திரைக்கென்று கீழே இரண்டு விரல் அகலம் இடம் விட்டே நான் எழுதுவேன். வார்டர்கள் “அண்ணாச்சி பாரம்னா கண்ணை மூடிக்கிட்டுக் குத்தலாம்” என்பார்கள்.

அன்று நேர்காணல் நேரமாக இருந்ததால் மாரியப்பனையே பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். தீக்குள் உடம்பு தூக்கியதில் புருவம் கருகியிருந்தது. கை நகமெல்லாம் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒரு விசயம் வக்கீலய்யாகிட்டச் சொல்லுங்க. வெடிக்கிறப்ப நான் அங்கன இல்ல.”

“புத்தகத்துல ஒம்ம கையெழுத்து இருக்கே?”

“அது சனிக்கிழமையே போட்டது அண்ணாச்சி. ஆறு நாளைக்கும் சேத்துப் போட்டுட்டேன். எல்லாப் போர்மேனும் அப்பிடித்தான போடுவாக.”

எனக்குத் தெரியாததா? சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்குத்தான் வருகைப் புத்தகமும் மருந்து இருப்புப் புத்தகமும் ஆபீஸில் மேஜைக்கு வரும். மற்ற நாளில் விடியும் முன்பே மருந்தில் கை வைத்தாக வேண்டும், புத்தகத்தைத் தேடிக்கொண்டு யார் போவது? ஆகவே வருகிற வாரத்துக்கும் சேர்த்து வரிசையாகப் போட்டுவிடுவார்கள். இந்தக் கந்தக பூமியில் அது தப்பு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

“அன்னைக்கு எங்க போயிருந்தீரு?”

“எம் பொண்டாட்டிக்குக் கண்ணு காட்ட விருதுநகர் வந்திருந்தேன். பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டிருந்தாக. மேனேஜர்கிட்ட முத நாளே லீவு சொல்லிட்டேன். ‘நீ போ, நாளைக்கு மருந்து வேலை இல்ல’ன்னு அவருதான் சொன்னாரு. நாங்க திரும்பி வாரப்ப பஸ்ஸுலயே சொன்னாக, வெடிச்சிருச்சுன்னு. அப்படியே ஓடுனேன்.” வலையிலிருந்து ஒரு கையை எடுத்துக் கருகிய புருவத்தைத் தேய்த்துக்கொண்டார். “போர்மேன் இல்லாம மருந்து ரூமத் தொறந்திருக்காக அண்ணாச்சி. நாலும் எங்க தெருப் பிள்ளைக.”

வெளியே கேட்டில் அவர் மனைவி வெள்ளத்தாய் நின்றிருந்தாள். ஒரு கண் முன்பே வெளுத்துவிட்டிருந்தது. இன்னொரு கண்ணால் என்னைத் தலை சாய்த்துப் பார்த்தாள். மடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். முகாமில் கொடுத்தது. அவள் பேர், இடது கண்ணில் ஆபரேஷன், வர வேண்டிய நாள். மேலே தேதியும் காலை 9.40 என்ற நேரமும் முத்திரையாக இருந்தன. கீழே, உடன் வந்தவர் கையெழுத்து: மா. மாரியப்பன். நான் சற்று முன் வக்காலத்தில் வாங்கிய அதே கையெழுத்து. அதே கோணல் ‘மா’, அதே புள்ளி. தாயில்பட்டிக்கும் விருதுநகருக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். 9.40-க்கு விருதுநகரில் இருந்தவன் பத்தரைக்கு அங்கே மருந்து ரூமில் இருக்க முடியாது.

“பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள்.

“ஆபரேசனுக்கு நாள் குடுத்திருக்காகளே, போகலையாம்மா?”

“இவுகள இங்கன விட்டுட்டு நான் எங்குட்டுப் போக?” என்றாள்.

ஆபீஸுக்கு வந்து சீட்டைச் சீனியர் முன் வைத்தேன். சந்தோஷமாகத்தான் வைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடினார்.

“போர்மேன் லீவுல இருந்தப்ப மருந்து ரூமத் தொறந்தது யாருன்னு கேள்வி வரும்யா” என்றார்.

“வருமே ஐயா.”

“முதலாளி நம்ம கட்சிக்காரரு.”

“மாரியப்பனும் நம்ம கட்சிக்காரருதான ஐயா” என்று கேட்டுவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்துக் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. சீட்டை என் பக்கமாகத் தள்ளினார். “இத கிழிக்க வேண்டாம். பாவம். கேஸ் கட்டுலயும் வைக்க வேண்டாம். ஒம்மகிட்டயே இருக்கட்டும். சாப்பிட்டீரா?” என்றார்.

சீட்டை என் வாய்தா டைரியின் உறைக்குள் செருகிக்கொண்டேன். வாய்தா என்றால் கேஸ் தள்ளிவைக்கப்படும் தேதி. ஒவ்வொரு வருஷமும் டைரி மாறும்போது சீட்டும் புது உறைக்கு மாறியது.

ஜாமீன் எடுத்துக் கொடுத்தோம். மாரியப்பன் எங்கள் ஆபீஸ் படியேறி வந்து என் காலைத் தொட வந்தார். தடுத்துவிட்டேன். சீட்டைப் பற்றிக் கேட்டார். “இருக்கு, இருக்கு, நேரம் வரட்டும்” என்றேன். எந்த நேரம்? எனக்கே தெரியாது. ஊரில் அவருக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. செத்தவர்களில் ஒருத்தி வெள்ளத்தாயின் சித்தி மகள். நாலு பேரை உள்ளே விட்டுவிட்டு இவன் மட்டும் தப்பித்து வெளியே ஓடிவந்தான் என்றுதான் ஊர் நம்பியது. நல்ல தண்ணீர்க் குழாயில் வெள்ளத்தாய் குடம் வைத்தால் பக்கத்துக் குடங்களை நகர்த்திக்கொண்டார்களாம். அவருக்கு ஜெயிலைவிட அதுதான் பெரிதாக இருந்தது. “நான் ஓடி வரலன்னு கோர்ட்டுல ஒரு தடவ சொல்லிட்டாப் போதும் அண்ணாச்சி, அப்புறம் தண்டிச்சாலும் தண்டிக்கட்டும்” என்பார்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டில். கம்பெனி மேனேஜர் அரசுத் தரப்புச் சாட்சியாக ஏறினார். மருந்து ரூமுக்கு முழுப் பொறுப்பும் போர்மேன்தான், அன்று காலை வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ரூமைத் திறந்தார் என்று சொன்னார். மாரியப்பன் கூண்டில் நின்று எங்கள் ஜூனியரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூன்றாம் எதிரி தரப்பில் குறுக்கு விசாரணை?” என்று ஜட்ஜ் கேட்டார். ஜூனியர் எழுந்தார். “இல்லை” என்றார். உட்கார்ந்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் மாரியப்பன் என்னைத்தான் தேடி வந்தார். “எனக்குன்னு ஒரு வக்கீலு வேணும் அண்ணாச்சி.”

எனக்குன்னு என்று அவர் சொன்னவிதம் இன்னும் காதில் இருக்கிறது. கேட்டது நியாயம். ஆனால் கிடைப்பது? கோர்ட் வளாகத்தில் வக்கீல்கள் உட்காரும் மரத்துக்கு மரம் போனார். ஒருவர் நாலு பட்டாசு கம்பெனிக்கு ஆஸ்தான வக்கீல், இவர் பேரைக் கேட்டதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் நல்ல மனிதர், ஆனால் செத்துப்போனவர்களின் ஊர்க்காரர். “நான் ஒனக்கு நின்னா எங்க ஊருக்குள்ள நான் நடக்க முடியாதுப்பா” என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மூன்றாமவர், இப்போதைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்றார். வக்கீலை மாற்றுவதற்கு அப்படி எழுதி வாங்குவது மரியாதை. அந்த மரியாதைக்காக மாரியப்பன் எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தார். கீழே வத்தல் கொட்டும்போது தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீனியர் ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்து “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஏழாம் நாள் நான் அவரைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இலவச சட்ட உதவிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். யார் எழுதியது என்று தெரியாமலிருக்க, முத்து முத்தான என் எழுத்தைக் கோணல் மாணலாக எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதுபோல் வீட்டுக்குப் போனேன்.

அமுதா என்ற வக்கீலைக் கோர்ட் அவருக்கு நியமித்தது. கேஸ் கட்டை இரண்டு நாளில் படித்துவிட்டு, மேனேஜரைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மனுப் போட்டு, ஏற்றியும் விட்டார். லீவு கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று மேனேஜர் சாதித்தார். முகாம் நடத்தியவர்களிடம் அமுதா கேட்டுப் பார்த்தார், அவ்வளவு பழைய காகிதம் அவர்களிடம் இல்லை. அப்போதுதான் வெள்ளத்தாய், சீட்டைக் குமாஸ்தா அண்ணாச்சியிடம் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அமுதா என் வீட்டுக்கே வந்தார். காபி வேண்டாம் என்றார்.

“சீட்டு ஒங்ககிட்ட இருக்கா அண்ணாச்சி?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “இருக்கு” என்றேன்.

“கோர்ட்டுல வந்து சொல்வீகளா? யாரு குடுத்தா, என்னைக்குக் குடுத்தா, இம்புட்டு நாளும் எங்க இருந்துச்சுன்னு. பொண்டாட்டி வாக்கக் கோர்ட்டு நம்பாது, நீங்களே சீட்டக் கொண்டாந்து சொன்னாத்தான் அதுக்கு உயிரு.”

“வாரேம்மா.”

“அப்ப சம்மனுக்கு மனுப் போட்டுறவா?”

இங்கேதான் என் தொழில் அறிவு வேலை செய்தது. சம்மன் வாங்கிய சாட்சி வராவிட்டால் வாரண்ட் போகும், போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். சம்மன் இல்லாமல், தானாக வருகிறேன் என்ற சாட்சி வராவிட்டால் ஒன்றும் இல்லை. சாட்சி இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். “சம்மன் வேண்டாம்மா. சம்மன் வந்தா சீனியருக்கு மரியாதையா இருக்காது. நானே வாரேன்” என்றேன். அமுதா சின்னப் பெண், நம்பிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் போகவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஓடுவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

என் மகன் முதலாளியின் அண்ணன் நடத்தும் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். அந்த வேலை சீனியர் வாங்கிக் கொடுத்தது. இதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சாட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, “நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருல சாட்சி சொல்லப் போறீராமே” என்றார். கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தேன். “பஸ்ஸுல போகாதீரும். நானும் அங்கனதான வாரேன், கார்லயே போவோம்” என்றார்.

போனோம். வழியெல்லாம் அவர் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசினார். ஆடுகிறதாம். பிடுங்கிவிடலாமா, கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். சிவகாசியில் காபிக்கு நிறுத்தினார். “இவருக்குச் சீனி போடாதீக, சுகர் இருக்கு” என்று கடைக்காரரிடம் அவரே சொன்னார். ஒரு அதட்டல் போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கோபத்திலாவது போய்ச் சொல்லியிருப்பேன். அவர் என் காபியில் சீனி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டில் இறங்கியதும் வழக்கம்போல் கட்டையும் கவுனையும் என்னிடம் நீட்டினார். வழக்கம்போல் நானும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் எதிரிக்குச் சாட்சி சொல்ல வந்தவன், முதல் எதிரியின் கட்டைச் சுமந்துகொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். கவுனை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டைப் பையில் ரோஸ் சீட்டு இருந்தது. வராந்தா பெஞ்சில் வெள்ளத்தாய் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு கண்ணிலும் அப்போது பாதிப் பார்வைதான்.

கோர்ட் டவாலி வெளியே வந்து என் பேரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை அவர் கூப்பிடக் கேட்டிருக்கிறேன். என் பேரைக் கேட்டது அன்றுதான். இரண்டாம் தடவை கூப்பிட்டார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அவர் கொஞ்சம் நேரம் கொடுப்பார், பாவம் யாராவது ஒன்றுக்குப் போயிருப்பார்கள் என்று. அந்த நேரத்தில் மாரியப்பன் வராந்தாவுக்கு ஓடிவந்து என்னைப் பார்த்துவிட்டார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒங்களத்தான் கூப்பிடுறாக!”

“இந்தா வாரேன்” என்றேன்.

சொல்லிவிட்டு, கட்டோடு திரும்பி, ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் நடந்தேன். மூன்றாம் தடவை என் பேர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. கால் தானாக நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் நடந்தது நான்தான்.

தீர்ப்பு வந்தது. முதலாளி விடுதலை. தகுதியுள்ள போர்மேனை நியமித்திருந்தார், ஆகவே அவர் மேல் குற்றம் சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை. மாரியப்பனுக்கு ஏழு வருஷம். தீர்ப்பு நகலை முதலாளிக்காக விண்ணப்பித்து வாங்கியவன் நான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை, ஆகவே வரி வரியாகப் படித்தேன். சம்பவ நேரத்தில் தான் அங்கே இல்லை என்பதற்கு மூன்றாம் எதிரி எந்தச் சாட்சியத்தையும் முன்வைக்கவில்லை என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

அவரை வேனில் ஏற்றி மதுரை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஏறும்போது என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, பார்க்க மட்டும் செய்தார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் நான் வேலைக்குப் போனேன், மனுப் போட்டேன், ஒன்றும் ரிட்டர்ன் ஆகவில்லை.

சால்வை போட்ட அந்த நாளுக்கு அடுத்த வாரம் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மகனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “ரிட்டயர்டு ஆனபெறகுதான் ஒங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் வருதா?” என்று கேட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். இன்றுவரை அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

வெள்ளத்தாய் வாசலில் உட்கார்ந்து, தொட்டுத் தொட்டுக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். இடது கண்ணும் போய்விட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. சீட்டை அவள் கையில் வைத்தேன்.

“என்ன காயிதம் இது?”

“ஒங்க சீட்டும்மா. கண்ணு முகாம் சீட்டு.”

விரலால் தடவிப் பார்த்தாள். “வாசிங்க” என்றாள்.

வாசித்தேன். அவள் பேர், இடது கண், தேதி, காலை ஒன்பது நாற்பது, உடன் வந்தவர் மா. மாரியப்பன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி குடத்தோடு நின்று கேட்டாள். “சத்தமா வாசிங்க” என்றாள் வெள்ளத்தாய். திரும்பச் சத்தமாக வாசித்தேன். அவளுக்கு அழுகை வரவில்லை.

“அப்பீல் மதுரை ஹைகோர்ட்டுல இன்னும் நிக்குது. அமுதாம்மாகிட்டப் போயி அபிடவிட் போட்டுறேன். நாளைக்கே போறேன் தாயி” என்றேன். அபிடவிட் என்றால் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

“அன்னைக்கும் இந்தா வாரேன்னுதான சொன்னீக” என்றாள். “நான் அங்கனதான உக்காந்திருந்தேன். கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேட்டுச்சு.”

சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். முந்தானையை உதறினாள். “நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே போவோம். நானும் வாரேன்” என்று எழுந்து, கையை நீட்டித் துழாவி, என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸிலும் பிடியை விடவில்லை. டிக்கெட்டை இடது கையால்தான் எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “கண்ணு தெரியாத பிள்ளையக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வாரீக, புண்ணியம் அண்ணாச்சி” என்றார். வேப்பமரத்தையும் வராந்தாவையும் தாண்டினோம். என் கை வலித்தது.

அமுதா என்னிடம் உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல டைப் அடித்து, நோட்டரியை வரவழைத்து, ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினார். சீனியர் பேர், என் பேர், சீட்டு இருந்த இடம், சம்மன் வேண்டாம் என்று சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட வலது கை வேண்டும், கொஞ்சம் விடுங்கம்மா என்றார்.

வெள்ளத்தாய் யோசித்தாள். பிறகு வலது கையை விட்டுவிட்டு, என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.